பச்சைக் காம்பு

கவிழ்த்துப் போட்ட வாளியின்மேல் உட்கார்ந்து, நாற்றுத்தட்டை மடியில் வைத்துக்கொண்டு, ஆமோஸ் ஒரு இலையைத் திருப்பிப் பார்த்தார். கட்டைவிரல் அகலம்கூட இல்லாத இலை. பூனைக்குட்டியின் காதுபோல மெல்லிய மயிர் படர்ந்திருந்தது. அதன் அடிக்காம்பைக் கண்ணுக்கு வெகு அருகில் கொண்டுபோனார். பிறகு கையை நீட்டித் தள்ளிவைத்துப் பார்த்தார். கொட்டகைக்குள் வெளிச்சம் போதவில்லையோ என்று வாளியை வாசலுக்கு இழுத்துப்போட்டுக்கொண்டார். செப்டம்பர் மழை விட்டு வானம் தெளிந்திருந்தது. வெளிச்சத்துக்கு ஒரு குறையும் இல்லை. காம்பு காம்பாக இருந்தது, அவ்வளவுதான்.

“சின்ன வேலதான், ஆமோஸ்” என்று ஹெஸ்டர் புறப்படும்போது சொல்லியிருந்தாள். இடுப்பு மூட்டை மாற்றிக்கொள்ள எக்ஸிட்டர் ஆஸ்பத்திரிக்குப் போகிற அவசரத்திலும், ஊன்றுகோலோடு தோட்டத்துக்கு வந்து நாற்று வளரும் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து காட்டினாள். “எலையத் திருப்பிப் பாரு. காம்புக்கு அடியில செவப்பா, ஊதாவா, ஒரு கறை இருந்துச்சுன்னா அது ஊதாப் பூ. புடுங்கிப் போட்டுரு. சுத்தப் பச்சையா இருக்கறது மட்டுந்தான் வெள்ள பூக்கும். அத வடக்குச் செவத்தோரமா நட்டுரு. கொழந்தைகூடச் செஞ்சுரும்.”

“செஞ்சுர்றேன்” என்றார் ஆமோஸ்.

இங்கிலாந்தின் டெவன் பகுதியில் ஃபாக்ஸ்குளோவ் பூச்செடிக்கு என்ன பஞ்சம்? ஜூன் வந்தால் வேலி வேலியாக ஆள் உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கும், தண்டு நெடுக ஊதா மணிகளைத் தொங்கவிட்டுக்கொண்டு. யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் ஹெஸ்டர் வளர்த்தது வெள்ளை. அவளுடைய அம்மா காலத்திலிருந்து, ஜெபவீட்டின் ஆண்டுவிழா ஞாயிற்றுக்கிழமையில் பிரசங்க மேடைக்கு இரண்டு பக்கமும் வெள்ளை ஃபாக்ஸ்குளோவ்தான் நிற்கும். அதை வெள்ளையாகவே காப்பாற்றுவது லேசான காரியமில்லை. வேலியில் நிற்கும் ஊதாவின் மகரந்தத்தை வண்டு இங்கே கொண்டுவந்துவிடும். அதனால் வருஷா வருஷம் நாற்றிலேயே கறை படிந்ததைப் பொறுக்கி எறிந்துவிட வேண்டும். செடியும் முதல் வருஷம் இலை விட்டு, மறு வருஷம் பூத்து, விதை உதிர்த்ததும் செத்துப்போகிற ஜாதி. ஒரு தலைமுறை தவறினால் வம்சமே தவறிவிடும்.

தவறத்தான் பார்த்தது. போன குளிர்காலத்து மழையில் பாத்திச் செடிகள் எல்லாம் அழுகிப்போயின. இந்த ஜூனில் மேடையின் இரண்டு பக்கமும் கடையில் வாங்கின பூக்கள் நின்றன. வீட்டுக்கு வந்த ஹெஸ்டர் தொப்பியைக் கழற்றாமலே வெகுநேரம் சமையலறையில் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து இருமல் மிட்டாய் டப்பா ஒன்றை எடுத்துவந்தாள். ஐம்பத்தெட்டு வயதில், அம்மாவை அடக்கம் செய்த பிறகு ஆமோஸை மணந்து இந்த வீட்டுக்கு வந்தபோது கையோடு கொண்டுவந்த டப்பா அது. அதன் மூலையில் மூக்குப்பொடிபோல ஒரு சிட்டிகை விதை மிச்சமிருந்தது. அதை அப்படியே மண்ணின் மேல் தூவினாள். வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும் என்று மேலே மண்கூடப் போடவில்லை. ஒரு கண்ணாடித் துண்டால் மூடி, தட்டைத் தண்ணீரில் நிறுத்தி, மூச்சு விட்டால் பறந்துவிடுமோ என்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தாள். அந்த ஒரு சிட்டிகைதான் இப்போது ஆமோஸின் மடியில் இருந்தது.

ஆமோஸுக்குச் சிவப்பும் பச்சையும் தெரியாது.

பிறவியிலேயே அப்படி. அவருடைய அப்பா ரயில்வேயில் சிக்னல்காரர். மகனும் ரயில்வேக்கு வருவான் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார். பதினேழு வயதில் ஓர் இருட்டறையில் உட்காரவைத்து விளக்குகளைக் காட்டி நிறம் கேட்டார்கள். ஆமோஸ் தனக்குத் தெரிந்ததைச் சொன்னார். வெளியே வந்ததும் அப்பா விறுவிறுவென்று முன்னால் நடந்தார். ஊர் எல்லை வந்த பிறகு, “யாராவது கேட்டா நெஞ்சு பலவீனம்னு சொல்லு” என்றார். அன்றிலிருந்து ஆமோஸின் நெஞ்சு பலவீனமாயிற்று. பண்ணை பண்ணையாகப் போய்ப் பால் ஏற்றும் லாரியை நாற்பது வருஷம் ஓட்டினார். சாலை சிக்னல் விளக்கில் மேலே எரிந்தால் நில், கீழே எரிந்தால் போ. ஜெபவீட்டில் அவருடைய நெஞ்சுக்காகக் குளிர்காயும் அடுப்போரத்து இடத்தை எப்போதும் ஒழித்துவைத்தார்கள். முதல் மனைவி ஈடித்துக்குத் தெரியும். அவள் துணிகளை ஜோடி சேர்த்து எடுத்துவைத்துவிடுவாள். அவள் போய்ச் சேர்ந்த பிறகு சாம்பல் நிறத்தில் மட்டும் துணி வாங்கினார். ஹெஸ்டரிடம் சொல்ல நினைத்தார். நல்ல சமயம் ஒன்று வரட்டும் என்று பார்த்தார். அது வரவேயில்லை.

வெகுநேரம் பார்த்ததில் ஒரு வித்தியாசம் பிடிபட்டது. சில காம்புகள் கறுத்திருந்தன, சில வெளுத்திருந்தன. கறை என்றால் சோகைபோல வெளுப்புத்தானே என்று அவருக்குத் தோன்றிவிட்டது. கறுத்தது நல்ல பச்சை, வெளுத்தது கறை. சூத்திரம் கிடைத்ததும் கை சுறுசுறுப்பானது. வெளுத்ததையெல்லாம் பிடுங்கி எருக்குவியலில் போட்டார். கறுத்ததை வடக்குச் சுவரோரமாகச் சாண் இடைவெளியில் நட்டு, பூவாளியால் தண்ணீர் தெளித்தார். விஷச் செடி என்று ஹெஸ்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்ததால் கைகளை இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவினார். அன்று சாப்பாட்டுக்கு முன் ஜெபிக்கும்போது, இத்தனை காலம் பயந்தது வீண்தான் என்று ஆண்டவருக்குத் தனியாக ஒரு நன்றியும் சொன்னார்.

மறுநாள் காலையில் புல் வெட்டி, வெட்டின புல்லை எருக்குவியலில் கொட்டிவிட்டுத் திரும்பியபோது, வேலிக்கு மேல் பெரிலின் தலை தெரிந்தது. பக்கத்து வீட்டுக்காரி. ஜெபவீட்டில் ஆர்கன் வாசிப்பவள். பள்ளிக்கூடத்தில் ஆமோஸுக்கு இரண்டு வகுப்பு மேலே படித்தவள். அந்த அதிகாரத்தை இன்றுவரை விட்டுக்கொடுத்ததில்லை. காலையில் பெரிலுக்குத் தெரிந்தது மத்தியானத்துக்குள் மூன்று ஊருக்குத் தெரிந்துவிடும்.

“என்ன ஆமோஸ், பொண்டாட்டி இல்லாத நேரம் பாத்துத் தோட்டக்காரனாயிட்ட போல?”

“ஹெஸ்டர் சொல்லிட்டுப் போனா. நாத்து நட்டேன்.”

பெரில் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு பாத்தியை எட்டிப் பார்த்தாள். முகம் ஒரு மாதிரியாயிற்று. “ஏன், இந்த வருசம் ஊதாவே போதும்னுட்டாளா?”

“என்ன?”

“காம்பெல்லாம் பீட்ரூட்டாட்டம் இருக்கே, மனுசா! இவ்ளோ தூரத்துல இருந்து எனக்கே தெரியுது. ஆண்டுவிழாவுக்கு ஊதாவா வெக்கப் போறீங்க? ஹெஸ்டரா சொன்னா?”

ஆமோஸுக்குக் காது இரண்டும் சுட்டது. “ஒரு மாறுதலுக்கு...” என்றார்.

“ஹெஸ்டருக்கா மாறுதல்? அவ அம்மா கல்லறையில எந்திரிச்சு உக்காந்துரும். இரு, வார்டுக்கு ஃபோன் போட்டு நானே கேக்கறேன்.”

“வேண்டாம் பெரில். அவளைத் தொந்தரவு பண்ணாத. நேத்துதான் ஆபரேசன் ஆயிருக்கு.”

பெரில் கண்ணாடியைக் கழற்றி மடக்கினாள். “நீ என்னமோ பண்ணு” என்று உள்ளே போய்விட்டாள்.

கதவு சாத்தும் சத்தம் கேட்டதும் ஆமோஸ் எருக்குவியலுக்கு ஓடினார். அறுபத்தாறு வயதில் ஓடினார். வெட்டின புல்லை இரண்டு கையாலும் வாரி எறிந்தார். அடியில் உருளைக்கிழங்குத் தோலுக்கும் தேயிலைச் சக்கைக்கும் நடுவே நாற்றுகள் துவண்டு கிடந்தன. ஒவ்வொன்றாக எடுத்துத் தொப்பிக்குள் போட்டார். பிறகு பாத்தியில் நட்டதையும் பிடுங்கிச் சேர்த்தார். அதில் ஒன்றிரண்டு நல்லது இருந்துவிட்டால்? அதன் பிறகுதான் தான் செய்த காரியம் விளங்கியது. ஒரே தொப்பிக்குள் எல்லாம் கலந்துவிட்டன. நேற்றைய கறுப்பு வெளுப்புகூட இப்போது இல்லை; வாடினதில் எல்லாமே ஒரே மங்கல்.

முழங்காலில் அப்படியே இருந்தார். “ஆண்டவரே, என் அறியாமைக்கு அவள் செடி சாகணுமா?” என்று கேட்டார். ஜெபம் என்று சொல்வதற்கில்லை, கிட்டத்தட்ட புகார். பதில் மேலேயிருந்து வரவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம், பெரிலின் சமையலறையில் யாரோ பாத்திரம் கழுவுகிற சத்தம் வந்தது. பெரில் வீட்டில் பெரிலைத் தவிர வேறு யார்? ஆண்டவர் சில சமயம் நமக்குப் பிடிக்காத வாசலைத்தான் திறந்துவைக்கிறார்.

பின்கதவைத் தட்டினார். பெரில் ஈரக்கையோடு வந்து நின்றாள். தொப்பியைப் பார்த்தாள், அவர் முழங்கால் சேற்றைப் பார்த்தாள்.

“பெரில், எனக்குப் பச்சை எது, செவப்பு எதுன்னு தெரியாது” என்றார் ஆமோஸ். “பொறந்ததுல இருந்தே. நெஞ்சுல எனக்கு ஒண்ணுமில்ல. அது எங்கப்பா சொன்னது.”

இத்தனை வருஷம் சுமந்தது இரண்டு மூச்சில் வெளியே வந்துவிட்டது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். சிரிக்கப் போகிறாள் என்று காத்திருந்தார்.

பெரில் சிரிக்கவில்லை. ஈரக்கையைத் துடைத்தாள். கடைசியில், “அப்ப அந்த அடுப்போரத்து எடம்?” என்றாள்.

“என்ன?”

“அடுப்போரத்து எடம், ஆமோஸ்! ஒன் நெஞ்சுக்காக ஒதுக்குனது! நான் அங்க சன்னலுக்குக் கீழ கையுறை போட்டுட்டு ஆர்கன் வாசிக்கிறேன், கல்லு மாதிரி ஆரோக்கியமா இருக்கற மனுசன் நீ அங்க பன்னு மாதிரி வெந்துட்டு உக்காந்திருக்க!”

“நீ வேணா அங்க...”

“ஆர்கனைத் தூக்கிட்டு வரவா? உள்ள வா. காலைத் தொடச்சுட்டு வா.”

மேசைமேல் பழைய செய்தித்தாளை விரித்தாள். பாத்திரம் கழுவும் தொட்டியில் தண்ணீர் பிடித்து நாற்றுகளின் வேரை நனைத்தாள். கண்ணாடிக்கு மேல் இன்னொரு கண்ணாடியாகப் பூதக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு இலையாகத் திருப்பினாள். “ஊதா. ஊதா. இது பச்ச. இது ஊதா, இதப் போயி எப்பிடி நட்டியோ. இது பச்ச, ஆனா செத்துப்போச்சு, பாவம்.” நல்லதை ஆமோஸ் ஈரத் துணியில் சுற்றி வைத்தார். செத்ததை வாங்கும்போதெல்லாம் கீழே போட மனமில்லாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். பெரில் அதைக் கவனித்தாள்போல. கொஞ்சநேரம் கழித்து, செத்ததைச் சொல்லாமலே தன் பக்கம் ஒதுக்கிவைக்க ஆரம்பித்தாள். கேக் ஒரு துண்டு வெட்டி அவர் முன்னால் தள்ளினாள். “மொதல்ல கையக் கழுவு, அது விஷம். விதவையா இருக்கறது ஒண்ணும் அவ்ளோ சொகமில்ல, ஹெஸ்டருக்கு வேண்டாம்” என்றாள்.

துணியில் ஒரு கைப்பிடிப் பச்சைக் காம்புகள் தேறின. நிறைய இல்லை; ஆனால் ஒரு பாத்திக்குப் போதும். இரண்டு பேருமாகவே நட்டார்கள். பெரில் முழங்காலுக்குக் கீழே தலையணை போட்டுக்கொண்டு, முட்டியைத் திட்டிக்கொண்டே நட்டாள்.

“பெரில், இத யார்கிட்டயும்...”

“சொல்ல மாட்டேன்.”

“நெசமா?”

“ஞாயித்துக்கெழமை வரைக்கும் தாங்குவேன். அதுக்கு மேல எனக்கே என்மேல நம்பிக்கையில்ல. அதுக்குள்ள ஹெஸ்டர்கிட்ட நீயே சொல்லிரு, ஆமோஸ். வேற வாயி மூலமா வரக்கூடாது, இந்த மாதிரி சமாச்சாரம்.”

வியாழக்கிழமை பேருந்தில் போனார். ஹெஸ்டர் தலையணைகளில் சாய்ந்திருந்தாள். முகம் இளைத்திருந்தது. அவரைப் பார்த்ததும் முதலில் கேட்டது, “நாத்து நட்டாச்சா?”

வாங்கிவந்த திராட்சையை மேசைமேல் வைத்தார். உட்கார்ந்தார். பேருந்தில் ஒத்திகை பார்த்த முன்னுரையெல்லாம் மறந்துவிட்டது. எருக்குவியலில் ஆரம்பித்தார், பின்னாலே போய் இருட்டறை விளக்குகளுக்கு வந்தார், அங்கிருந்து பெரிலின் மேசைக்கு வந்தார். பாதிக்கு மேல் செத்துப்போனதையும் மறைக்கவில்லை. சொல்லி முடித்தபோது ஹெஸ்டர் சன்னல் பக்கம் திரும்பியிருந்தாள்.

“மன்னிச்சுரு” என்றார். “ஒங்கம்மா செடிய நான்...”

“செடி கெடக்கட்டும்.” ஹெஸ்டர் போர்வை ஓரத்தை மடித்தாள். “கல்யாணமாயி மொதக் கிறிஸ்மசுக்கு நான் ஒரு கோட் வாங்கினேன். ஞாபகம் இருக்கா?”

அவர் யோசித்தார். “இருக்கு. அந்தப் பழுப்புக் கோட்டு.”

“செவப்பு, ஆமோஸ். நல்ல ரத்தச் செவப்பு. என் ஆயுசுல நான் அப்படி ஒண்ணு போட்டதில்ல. கடைக்குள்ள போயிட்டு, வெக்கப்பட்டு வெளிய வந்துட்டு, மறுபடி போயி வாங்கினேன். ஒனக்காக. மாடியில இருந்து எறங்கி வந்தேன். நீ பாத்துட்டு, ‘பழுப்பு ஒனக்கு எடுப்பா இருக்கு’ன்ன.”

ஆமோஸ் நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“கேலி பண்றியோன்னு நெனச்சேன். அப்பறம், இந்த மனுசன் கேலி பண்ற ஆளில்ல, என்னை ஏறெடுத்தே பாக்கலன்னு நெனச்சேன். மனசுல இன்னும் ஈடித்துதான் இருக்கான்னு. அது நியாயந்தான்னு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன். அடுத்த மாசமே ஜெபவீட்டுப் பழந்துணி விற்பனைக்குக் குடுத்துட்டேன்.” இப்போதுதான் திரும்பினாள். கண்ணில் நீர் இருந்தது, ஆனால் முகம் அழுகிற முகமாக இல்லை. “நீ பாத்தியா அன்னிக்கு?”

“பாத்தேனே” என்றார் ஆமோஸ். “காலருக்கு வெளிய ஒரு முடிச் சுருள் தொங்கிச்சு. ரெண்டாவது பட்டன மாத்திப் போட்டிருந்த. சொன்னா கோச்சுக்குவியோன்னு சொல்லல. நெசமாவே எடுப்பாத்தான் இருந்துச்சு.”

ஹெஸ்டர் அவருடைய கையை எடுத்துத் தன் போர்வைமேல் வைத்துக்கொண்டாள். 

“அந்தக் கோட்டை யார் வாங்கினது?” என்று கேட்டார்.

“பெரில்.”

“பெரில் போட்டுக்குவாளே, அந்தப் பழுப்பா? அதுவா?”

ஹெஸ்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் இடுப்பு வலித்தது. வலித்ததால் இன்னும் சிரித்தாள். “பேசாத, பேசாத, தையல் பிரிஞ்சுரும்” என்று அவர் தோளைத் தள்ளினாள். நர்ஸ் திரை விலக்கி எட்டிப் பார்த்தபோது இரண்டு கிழவர்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் எதையோ தப்பாக நினைத்துக்கொண்டு தேநீர் கொண்டுவந்தாள். அதை அவர்கள் குடித்தார்கள்.

அக்டோபர் நடுவில் ஹெஸ்டர் வீடு திரும்பினாள். இரண்டு கோல் ஊன்றி, ஒவ்வோர் அடியாகப் பாத்தி வரைக்கும் வந்தாள். நாற்றுகள் பிழைத்திருந்தன. நடுவில் புதிய இலைகள் விட்டு, சின்னச் சின்னத் தட்டுகள்போல மண்ணோடு மண்ணாகப் படிந்திருந்தன. குனிய முடியாததால் ஆமோஸ் ஒரு இலையைத் திருப்பிப் பிடித்தார். அவள் பார்த்தாள். அடுத்ததைப் பிடித்தார். அதையும் பார்த்தாள். தலையை ஆட்டினாள். இனி பனிக்காலம் ஒன்று கடக்க வேண்டும், மழை ஒன்று கடக்க வேண்டும். பூவைப் பற்றி ஜூனில்தான் பேச முடியும். அது அவர்கள் கையில் இல்லை.

வெயில் கொஞ்சம் இருந்ததால் சமையலறை நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். அவள் உட்கார்ந்தாள். தோட்டத்துக்கு அப்பால் மேடு ஏறிப்போகிறது. அது முழுக்கக் காய்ந்த பெரணிப் புதர்.

“எல்லாம் பொன்னாட்டம் செவந்து கெடக்கு” என்றாள் ஹெஸ்டர். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். “ஒனக்கு எப்படித் தெரியுது, ஆமோஸ்?”

இதுவரை யாரும் அவரிடம் அதைக் கேட்டதில்லை. மேட்டைப் பார்த்தார். “கம்பளி மாதிரி இருக்கு. காத்து தடவுனா ஒரு பக்கம் வெளுக்குது, மறுபக்கம் கறுக்குது. கீழ அந்த முள்ளுப் பக்கத்துல காட்டுக்கோழி ஒண்ணு உக்காந்திருக்கு. பெட்டை.”

“எங்க?”

“அதோ. அந்தக் கல்லுக்கு இந்தப் பக்கம்.”

“எனக்குப் பெரணிதான் தெரியுது.”

“நிறத்தப் பாக்காத. முதுகு வளைவப் பாரு.”

அவர் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து குனிந்து, கன்னத்தோடு கன்னம் வைத்து, கையை நீட்டிக் காட்டினார். ஹெஸ்டர் கண்ணை இடுக்கிக்கொண்டு அவருடைய விரல் நுனி வழியே பார்த்தாள். காற்று வந்து மேடு முழுவதும் அசைந்தது. ஓர் இடம் மட்டும் அசையவில்லை.

“இருக்கா இன்னும்?”

“இருக்கு. சத்தம் போடாத.”

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.